கைநடுக்கம் அளக்கும் மோதிரம்: பட்டறையில் ஒரு மாதம்

கொழும்பு செட்டியார் தெருவில் முப்பது வருடமாக நகையில் கல் பதிக்கிறேன். கை நடுங்கினால் பிழைப்பு போச்சு. அதனால்தான் மருமகன் டுபாயிலிருந்து கொண்டுவந்த இந்தச் சென்சார் மோதிரத்தை ஒரு மாதம் ஒழுங்காகப் பாவித்துப் பார்த்தேன். மன அழுத்தத்தை அளக்குமாம், பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

ஆட்காட்டி விரலில் மாட்டி, கையை முன்னால் நீட்டி அரை நிமிடம் வைத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் முடுக்கமானி விரலின் ஆட்டத்தைப் பிடித்துப் போனுக்கு அனுப்பும். வினாடிக்கு எத்தனை ஆட்டம், ஆட்டம் எவ்வளவு பெரிசு என்று இரண்டு எண் வரும். எனக்கு வினாடிக்கு 9, 10 ஆட்டம் என்று வந்ததும் பயந்துவிட்டேன். சுகமாக இருப்பவர் கையும் வினாடிக்கு 8 முதல் 12 தடவை ஆடத்தான் செய்யுமாம், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பார்க்கின்சன் என்ற நரம்பு நோயின் நடுக்கம் 4 முதல் 6. அதுவும் பெரும்பாலும் கை சும்மா கிடக்கும்போது.

ஒரு நாள் தாலிக்கொடி வேலை முடியவில்லை. "நாளைக்கு முகூர்த்தம், இன்னும் முடியேல்லையா அண்ணை?" என்று மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்கிறார்கள். மாட்டிப் பார்த்தேன். எண்ணிக்கை அதே 10. ஆட்டத்தின் அளவு மட்டும் இரண்டு மடங்குக்குக் கிட்ட, போனில் "அழுத்தம்" என்று சிவப்பு. பதற்றத்தில் ஊறும் அட்ரினலின் தசையில் செய்கிற வேலை அது. சரி, சாமான் பொய் சொல்லவில்லை என்று நினைத்தேன்.

ஆனால் வெறும் வயிற்றில் இரண்டு பிளேன்டீ குடித்த காலையிலும் அதே சிவப்பு. பக்கத்து மேசைக்காரர் ஆஸ்துமாவுக்குச் சல்பியூட்டமோல் பம்ப் அடித்துவிட்டுச் சிரித்தபடி மாட்டினார், அவருக்கும் சிவப்பு. தேத்தண்ணியும் அந்த மருந்தும் தாமாகவே கையை ஆட்டும். கொழும்பு–காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஒருமுறை "கடும் அழுத்தம்" என்றது. அழுத்தம் எனக்கில்லை, பஸ்ஸுக்கு! நடுக்கத்தை ஒழுங்காக அளக்கிறது, காரணத்தைத் தானாகக் கற்பனை செய்கிறது.

என் தடித்த விரலுக்கு மோதிரம் பிடிப்பதுமில்லை. நூல் சுற்றித்தான் போடுகிறேன். இரண்டு நாளுக்கொருமுறை சார்ஜ். விலையைக் கேட்டால் மருமகன் சிரிக்கிறான்.

இப்போது தேத்தண்ணிக்கு முன்னம், தினமும் ஒரே நேரத்தில் மட்டும் பார்க்கிறேன். நேற்றுப் போனில் ஆட்டத்தின் அளவைக் காட்டும் கோடு கொஞ்சம் துள்ளியது. பொடிக் கற்களை மூடி வைத்துவிட்டு வளையலுக்கு மெருகு போட உட்கார்ந்தேன்.