ஆள் பார்த்தால் ஒழுங்காக வேலை செய்யும் கூரை

போன வாரம்தான் என் காரின், பட்டனை அழுத்தினால் திறந்து மூடுகிற கூரை சரியானது. சரியான மூன்றாம் நாள் நண்பன் போன் பண்ணினான். "டேய், உன்னுது மாதிரியே ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு." ஒரே வார்த்தையில் சொல்ல முடிகிற விஷயமாக இருந்தால் நாலு வருஷத்துக்கு முன்னால் அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன். "எழுதி அனுப்புறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கோபமும் பாசமும் மாறி மாறி வருகின்றன. அப்படியே விட்டுவிட்டேன், ஒழுங்கு பண்ணவில்லை.

எஞ்சின் எத்தனை குதிரை, எத்தனை நொடியில் நூறைத் தொடும் என்பதெல்லாம் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டு கதவு, நாலு சீட், துணிக் கூரை, பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்க வைக்கும் கம்பெனி. அந்தப் பெயர் இங்கே வேண்டாம். வாங்கும்போது காருக்குப் பதினோரு வயது, 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, நான் மூன்றாவது ஓனர். விற்றவர் பட்டனை அழுத்திக் காட்டினார். நாலு கண்ணாடியும் இறங்கின. முன்பக்கம் கொக்கி விடுகிற ஒரு 'டக்'. பின்னால் இருக்கும் மூடி எழுந்து வழி விட, கூரை தன்னைத்தானே மூன்றாக மடித்துக்கொண்டு குழிக்குள் படுத்தது. மூடி இறங்கியது. இருபது நொடி. நான் மூன்று தடவை திறந்து மூடச் சொன்னேன். மூன்று தடவையும் பிசகே இல்லை. எஞ்சின் சத்தம் கேட்டேன், கியர் மாறுவதைப் பார்த்தேன், அடியில் குனிந்து துரு தேடினேன். ஒரு மணி நேரம் வெயிலில் ஓட்டிவிட்டு வந்து நாலாவது தடவை அழுத்திப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

மூன்றாவது மாதம், வெயில் தாழ்ந்த நேரம், ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே திறந்து மூடுகிற கார்களும் இருக்கின்றன. என்னுடையது நின்றால்தான் அசையும். இருபது நொடிதானே என்று அழுத்தினேன். கொக்கி விட்டது, பின்மூடி எழுந்தது, கூரை பாதி மடிந்தது, அந்தரத்தில் நின்றது. டேஷ்போர்டில் மஞ்சளாக ஓர் எச்சரிக்கை. பச்சை விழுந்துவிட்டது. பின்னால் முதலை வாய் மாதிரி மூடி, தலைக்கு மேல் பாய் விரித்த மாதிரி துணி, கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. எப்படியோ ஓரங்கட்டினேன். பத்து நிமிஷம் கழித்து ஹைட்ராலிக் அழுத்தம், அதாவது கூரையைத் தூக்குகிற எண்ணெயின் அழுத்தம், இறங்க, அதுவரை விறைப்பாக நின்ற கூரை மெல்லத் தலையைத் தொங்கப்போட்டது. அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

கையால் மூடவும் வழி உண்டு. டிக்கிக்குள் பம்பு இருக்கும். அதன் வால்வைத் திறந்து அழுத்தத்தை விட்டு, கூரையைத் தூக்கிக் கொண்டுவந்து, முன் கொக்கியை ஆலன் கீ போட்டுத் திருக வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து செய்யவும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. இரண்டாவது ஆளாக வந்தவர், பைக்கை நிறுத்தி அவ்வளவு நேரம் சிரித்தபடி வேடிக்கை பார்த்த ஒருவர். தூக்கிப் பிடித்துக்கொண்டே, "புது வண்டியா சார்?" என்றார்.

மறுநாள் காலை வொர்க்ஷாப்பில் பட்டனை அழுத்தினால், வெண்ணெய் மாதிரித் திறக்கிறது. மூடுகிறது. திரும்பத் திறக்கிறது. மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பல் டாக்டர் வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுவிடுமே, அது போல. பல் டாக்டர் என்றதும் ஞாபகம் வருகிறது: கடினமான உலோகக் கூரையை டிக்கிக்குள் மடக்கி வைக்கிற வித்தைக்கு 1930களில் காப்புரிமை வாங்கியவர் ஜார்ஜ் போலான் என்ற பிரெஞ்சுக்காரர், தொழில் பல் மருத்துவம். பியூஜோ கம்பெனி அதை 'எக்லிப்ஸ்' என்ற பெயரில் விற்றது. பிறகு 1957 முதல் 1959 வரை ஃபோர்டு தன் ஸ்கைலைனரில் ஹைட்ராலிக்கே இல்லாமல், மின்மோட்டாரும் ரிலே சுவிட்சும் ஒயருமாக முழுக் கூரையையும் மடக்கிக் காட்டியது. அது ஒரு ஆள் பார்க்காத நேரத்தில் நின்றுபோனால் எந்த ஒயரைப் பிடித்துத் தேடியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு.

என் கதையில் தேடியது, காரில் செருகிக் கோளாறைப் படிக்கிற ஸ்கேனர். பின்மூடி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சென்சாரில் கோளாறு என்றது. சென்சார் மாற்றினோம். இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் மறுபடி பாதியில் நின்றது. "பம்பு வயசாயிடுச்சு, அழுத்தம் பத்தல" என்றார்கள். பம்பும் மாற்றினோம். மூன்று வாரம். மறுபடி அதே மஞ்சள் விளக்கு. ஒவ்வொரு தடவையும் வொர்க்ஷாப் வாசலுக்குள் நுழைந்தால் திறக்கும், வெளியே வந்து வெயிலில் ஓட்டினால் நிற்கும். வீடியோ எடுத்துக் காட்டினேன். வீடியோவில் சத்தம் வந்தால் பம்பு ஓடுகிறது என்று அர்த்தம், அப்படியானால் பம்பு நல்லது என்றார், அதே பம்பை மாற்றச் சொன்ன அதே மனிதர்.

நண்பா, இந்த இடத்தை இரண்டு தடவை படி. பழைய சொகுசு காரின் விலை வருஷா வருஷம் இறங்கும். அதன் பாகங்களின் விலை இறங்காது. புதிதாக வாங்கியவர் கொடுக்கக்கூடிய விலையில்தான் அந்தப் பம்பு இன்றைக்கும் அலமாரியில் இருக்கிறது. யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா என்பார்கள். இங்கே யானையைக் குட்டி விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அதனால்தான் நாம் ஏமாறுகிறோம். தீனி மட்டும் முழு யானைத் தீனி.

சரி, திட்டியது போதும். நல்லதும் சொல்லியாக வேண்டும்.

வாங்கும்போது என் கற்பனையில் இருந்தது உச்சி வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டுவது. அது விளம்பரத்துக்குத்தான். உச்சி வெயிலில் கூரையைத் திறந்தால் நெற்றி எரியும், தோல் சீட்டில் கை வைக்க முடியாது. நான் கண்டுபிடித்தது குளிர்காலத்து விடியற்காலையை. கூரை திறந்து, பக்கக் கண்ணாடிகள் ஏற்றி, பின் சீட்டுக்கு மேல் காற்றுத் தடுப்பு வலையை மாட்டி, ஹீட்டரைக் காலுக்கு மட்டும் திருப்பிவிட வேண்டும். தலைக்கு மேலே பனி, முழங்காலுக்குக் கீழே கதகதப்பு. போர்வைக்குள்ளிருந்து முகத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருக்கிற சுகம். இதற்காகவே வேலையில்லாத நாளிலும் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறேன்.

இன்னொன்று தூறல். மணிக்கு எழுபது வாக்கில் போய்க்கொண்டிருந்தால் சின்னத் தூறல் உள்ளே விழுவதில்லை. முன் கண்ணாடியில் ஏறுகிற காற்று அதைத் தலைக்கு மேலாகவே தூக்கிக்கொண்டு போய்விடும். கண்ணுக்கு முன்னால் மழை, சட்டை மட்டும் காய்ந்திருக்கும். முதல் தடவை நடந்தபோது தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். வேகம் குறைந்தால் கதை முடிந்தது, அத்தனையும் மடியில். கூரையை மூடலாம் என்றால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் நனைய வேண்டும், பட்டனை அழுத்தினால் அது மூடுமா என்று தெரியாது. டிக்கியில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும்.

துண்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இரண்டாவது வருஷம் ஒரு நாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது முன்னந்தலையில் 'பொட்' என்று ஒரு சொட்டு. கூரை மூடியிருக்கிறது, மழையும் இல்லை. தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பு, முகர்ந்தால் எண்ணெய். நடுக் கண்ணாடிக்கு மேலே, கூரைக் கொக்கியை இழுக்கிற விரல் நீளச் சிலிண்டர் ஒன்று ஒளிந்திருக்கிறது. எண்ணெய் கசியாமல் தடுக்கிற அதன் உள் சீல் வயசாகிச் சிதைந்துவிட்டது. சரியாக ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாயைக் கொண்டுவந்து நிறுத்தியது யார் யோசனை என்று தெரிந்தால் என் சட்டைகளை அவருக்கு அனுப்பி வைப்பேன். சீல் மட்டும் தனியாக விற்க மாட்டார்களாம், சிலிண்டரே புதிதாக வாங்க வேண்டுமாம். கடைசியில் சிலிண்டருக்குள் சீல் மாற்றிக் கொடுக்கிற ஒருவரிடம் கழற்றிக் கொடுத்து வாங்கினேன். இன்றுவரை சொட்டவில்லை. சொகுசு காரில் 'முடியாது' என்று ஒருவர் சொன்னால், அதற்கு 'எங்களிடம் முடியாது' என்றுதான் பொருள்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். கூரையை எடுத்துவிட்டால் உடம்பு தொய்ந்துவிடும் என்பதற்காகத் தரையையும் கதவடியையும் கூடுதல் இரும்பு வைத்துப் பலப்படுத்துகிறார்கள். அதனால் இதே மாடலின் மூடிய வண்டியைவிட எடை அதிகம், பெட்ரோலும் கொஞ்சம் கூட. அப்படியும் மேடு பள்ளத்தில் ஏறினால் நடுக் கண்ணாடி நடுங்கும், பின்னால் வருகிற லாரி இரண்டாகத் தெரியும். பின் சீட்டில் குழந்தைகள் உட்காரலாம், கோபக்காரப் பெரியவர்கள் கூடாது. கூரை மடியும் குழியின் மூலையில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறது. இலை அடைத்தால் மழைத்தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் போய்த் தேங்கும், அங்கேதான் எலக்ட்ரானிக் பெட்டிகளையும் வைத்திருப்பார்கள். மெல்லிய நைலான் கயிற்றை விட்டுக் குத்து. அடைப்பெடுக்கிறேன் என்று பம்பு வைத்துக் காற்றடித்தால் உள்ளே குழாய் கழன்றுகொள்ளும், அப்புறம் அடைப்பே மேல் என்று ஆகிவிடும். ஈரத்தோடு கூரையை மடித்து வைக்காதே, பூசணம் பிடிக்கும்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். தெரிந்தவர் ஒருவர் ஓர் எலக்ட்ரீஷியனைச் சொன்னார். வயதானவர். ஸ்கேனரைத் தொடவில்லை. "எப்பெல்லாம் நிக்குது?" என்று மட்டும் கேட்டார். வெயிலில், மூடி முழுசாக எழுந்த பிறகு என்றேன். பின்மூடியின் கீல் அருகே ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளினார். உள்ளே சுண்டுவிரல் தடிமனில் ஒயர்க்கட்டு. மூடி எழுந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டு ஒரே இடத்தில் வளைந்து நிமிர்கிறது, பதினைந்து வருஷமாக. டேப்பைப் பிரித்து ஒவ்வொரு ஒயராக இரண்டு விரலில் பிடித்து மெதுவாக இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் விறைப்பாக நின்றன. ஆறாவது பழுப்பு ஒயர், இழுத்ததும் ரப்பர்பேண்டு மாதிரி நீண்டது. மேலே தோல் முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. ஒரு பக்கம் வளைந்தால் முனைகள் தொட்டுக்கொள்ளும், இன்னொரு பக்கம் வளைந்தால் விலகும். வெயிலில் உறை இளகினால் இன்னும் கொஞ்சம் விலகும். காலைக் குளிரில் வொர்க்ஷாப்பில் நிற்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும். இவ்வளவுதான். பம்பும் நல்லது, சென்சாரும் நல்லது. ஒரு விரல்கடை ஒயர் போட்டுப் பற்றவைத்து, முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். அவர் கேட்ட கூலியைச் சொன்னால், மாற்றிய பம்பை நினைத்து எனக்கு அழுகை வரும், அதனால் சொல்லவில்லை.

கழற்றிய அந்த அறுந்த ஒயர்த்துண்டை மேஜையில் வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதுகூட இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக, நண்பா, உன் கேள்விக்குப் பதில்: வேண்டாம். 43,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், எஞ்சின் ஒரு நாள்கூட என்னை நடுவழியில் விட்டதில்லை, சீட்டில் நாலு மணி நேரம் உட்கார்ந்தாலும் இடுப்பு வலித்ததில்லை, விடியற்காலைக்கு ஈடாக எதையும் காட்ட முடியாது. அப்படியும் வேண்டாம். நாலு வருஷமாக மேகத்தைப் பார்த்துப் பயந்து, பட்டனைப் பார்த்துப் பயந்து ஓட்டியவன் சொல்கிறேன். போன வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் இன்னும் கெட்ட வார்த்தையில் சொல்லியிருப்பேன். அடுத்த மாதம் கேட்டால் என்ன சொல்வேனோ தெரியாது, அதனால் அடுத்த மாதம் கேட்காதே.

இதை அனுப்புவதற்குள் அவனே மறுபடி போன் பண்ணிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து என் காரை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுகிறானாம். மதியம் வா, வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டு, அப்புறம் பட்டனை அழுத்து என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு தடவையாவது பாதியில் நின்று தொலைத்தால் அவன் பிழைத்துக்கொள்வான். நிற்காது. ஆள் வந்து பார்க்கும்போது இது என்றைக்கு நின்றிருக்கிறது?