சாம்பலைக் குடைந்த வீடுகளா, கருங்கல்லில் வெட்டிய மண்டபங்களா: கப்பதோக்கியாவும் எல்லோராவும்

கீழக்கரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்குப் பாறை என்றால் அது கடலுக்கடியில் கிடப்பதுதான். ஊரின் பழைய வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்போடு சேர்ந்திருப்பதும் மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துவந்த பவளக்கல்லே. குன்று என்று சொல்ல ஒன்றுமில்லாத இந்தக் கரையிலிருந்து, 8 வயதுப் பிள்ளை முதல் 76 வயது உம்மா வரை 14 பேர், எரிமலைப் பாறையையும் குகை வீடுகளையும் பார்த்துவர முடிவு செய்தபோது, துருக்கியின் கப்பதோக்கியாவா, மகாராஷ்டிரத்தின் அஜந்தா, எல்லோராவா என்ற கேள்வி எழுந்தது. கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவையும் ஒருவர் முன்மொழிந்தார். கடலைப் பார்க்கக் கடல் கடந்து போவானேன் என்று உம்மா கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டு இடங்களும் எரிமலை தந்தவையே என்றாலும், அது தந்த பொருள் வேறு வேறு. கப்பதோக்கியாவில் பல பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கக்கப்பட்ட சாம்பல் படிந்து இறுகி, இரும்புக் கருவியால் எளிதில் குடையக்கூடிய மென்பாறையானது. மேலே கடினமான பாறை மூடியிருந்த இடங்களில் அடியிலுள்ள மென்பாறை மட்டும் மழையிலும் காற்றிலும் அரிக்கப்பட்டதால்தான், தலையில் கல் சுமந்து நிற்கும் அந்தக் கூம்புகள் உருவாயின. அரசனின் கருவூலம் இல்லாமலேயே உழவர்கள் அங்கே வீட்டையும் தொழுவத்தையும் புறாக் கூண்டையும் குடைந்துகொண்டார்கள். புறா எச்சம் அவர்களுடைய திராட்சைத் தோட்டங்களுக்கு உரமானது. குடையவிட்ட அதே மென்மைதான் வீடுகளை அரித்தும் தின்றது. ஜெல்வே என்ற குகைக் கிராமம் பாறைச் சரிவுக்கு அஞ்சி 1952இல் காலி செய்யப்பட்டது.

தக்காணத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் குழம்பாகப் பரவி அடுக்கடுக்காக உறைந்த பசால்ட் என்ற அந்தக் கருங்கல்லைக் குடையப் பெரும் பொருளும் தலைமுறைகளின் உழைப்பும் வேண்டியிருந்தன. எல்லோராவின் 16ஆம் குகையான கைலாசநாதர் கோயில், 8ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் மலையை மேலிருந்து கீழாக வெட்டி எடுக்கப்பட்டது. கல்லைக் கல்மேல் அடுக்கும் வேலையே அதில் இல்லை. அஜந்தாவின் விகாரங்களில் துறவிகள் தங்கிய சிற்றறைகளும் கற்படுக்கைகளும் இன்றும் இருக்கின்றன, ஆனால் அவற்றில் நாம் படுத்துப் பார்க்க முடியாது. கப்பதோக்கியாவின் கொரெமேயிலோ பழைய குகை வீடுகளே விடுதிகளாக இருக்கின்றன. குகையில் ஓர் இரவாவது தூங்கவேண்டும் என்பதே பிள்ளைகளின் ஆசை என்பதால், எங்கள் கணக்கில் இந்த ஒரு வேறுபாடு மற்ற பலவற்றை விட எடை கூடியது.

முதியவர்களை நினைத்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. கப்பதோக்கியாவின் டெரின்குயு நிலத்தடி நகரம் ஏறத்தாழ 85 மீட்டர் ஆழம் கொண்டது; அதன் வழிகளில் குனிந்தும் ஒடுங்கியுமே இறங்கமுடியும் என்பதால் உம்மாவை அங்கே அழைத்துப் போவதில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. குகை விடுதிகளிலும் செங்குத்தான படிகள் உண்டு, ஆகவே கீழ்த்தள அறைகளைக் கேட்டு வாங்கவேண்டும். அஜந்தாவிலும் படிகள் இருக்கின்றன. அங்கே டோலி சுமப்பவர்கள் கிடைப்பார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலுக்கு அருகிலேயே வண்டி போய்விடும். சுவரோவியம் என்று பார்த்தால் கொரெமேயின் ‘இருண்ட தேவாலயம்’ அழகானதுதான். அஜந்தாவின் முதல் குகையில் நிற்கும் பத்மபாணி என்ற போதிசத்துவர் ஓவியத்தின் முன் அது எனக்கு ஒரு படி கீழேதான்.

பருவத்தைப் பொறுத்தவரை மே மாத விடுமுறை கப்பதோக்கியாவுக்கு இளவேனில்; அதே மாதத்தில், அஜந்தா, எல்லோராவுக்குப் போக நாம் இறங்கும் ஊரான, ஔரங்காபாத் என்று நாம் அறிந்த சத்ரபதி சம்பாஜிநகர் கொதிக்கும். டிசம்பரில் கப்பதோக்கியாவில் பனி பொழியும், தக்காணத்தில் இதமாக இருக்கும். விடியற்காலை வெப்பக் காற்று பலூன் பறப்பதும் காற்றின் போக்கைப் பொறுத்தது. காற்று மிகுந்தால் அன்றைய பறத்தலையே நிறுத்திவிடுவார்கள் என்பதால், மூன்று காலைப்பொழுதுகளாவது கையில் இல்லாமல் அவ்வளவு தொலைவு போவது வீண்.

செலவில் ஒப்பீடே இல்லை. இராமேசுவரத்திலிருந்து ஓகா செல்லும் வாராந்திர ரயில் இராமநாதபுரத்தில் நம்மை ஏற்றிக்கொண்டு ஔரங்காபாத்திலேயே இறக்கிவிடும். துருக்கிக்கோ ஒவ்வொருவருக்கும் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும். ஒருவருக்கு மறுக்கப்பட்டாலும் குழு குலையும். துபாயிலிருக்கும் காக்காமார் (அண்ணன்மார்) இருவர் நேரே இஸ்தான்புல்லுக்கு வந்து சேரலாம் என்பதும், ஹலால் உணவைத் தேடி அலையவேண்டியதில்லை என்பதும் கப்பதோக்கியாவின் பக்கம் நிற்பவை. மீன் இல்லாத உள்நாட்டில் நாலு நாள் எப்படி என்று கவலைப்பட்ட மாமிக்கு எங்கள் ஊர் இனிப்பான தொதலை ஒரு டின் கட்டிக் கொடுப்பதாக வாக்களித்திருக்கிறோம்.

காக்காமாருக்கு விடுப்பு மே மாதத்தில்தான் கிடைக்கும் என்பதால், இந்த முறை கப்பதோக்கியா என்று முடிவு செய்திருக்கிறோம். பிப்ரவரிக்குள் 14 பேருக்கும் விசா கைக்கு வராவிட்டால், அந்தப் பணத்தை அப்படியே வைத்திருந்து டிசம்பரில் ஓகா ரயில் ஏறுவோம். அப்படிப் போனால் அஜந்தாவுக்குத் திங்கட்கிழமையும் எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமையும் விடுமுறை என்பதை நினைவில் வைத்துத்தான் நாள் குறிக்கவேண்டும்.