504 டாலர் போச்சு: விசேஷத்துக்கு மொத்தமாக ரிப்ஸ் வாங்குகிறவர்கள் ஒரு நிமிஷம் படியுங்கள்

திங்கள் ராத்திரி பதினொரு மணி. ரிப்ஸ் (பன்றி விலா எலும்புக் கறி) வாங்கி ஏமாந்த இறைச்சிக் கடையிலிருந்து வந்து மூன்று மணி நேரம் ஆகியும் ஆத்திரம் அடங்கவில்லை. டெக்சஸில் நம்மவர்கள் நிறையப் பேர் வீட்டிலேயே ஸ்மோக்கர் (விறகுப் புகையில் கறி வேகவைக்கும் அடுப்பு) வைத்திருக்கிறீர்கள். நீங்களாவது ஏமாறக் கூடாது.

போன சனிக்கிழமை அப்பாவுக்கு எழுபது நிறைந்தது. நாகர்கோவிலிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். டாலஸிலிருந்து அக்கா குடும்பம், ஆஸ்டினிலிருந்து சித்தப்பா பிள்ளைகள் என்று மொத்தம் அறுபது பேர். எங்கள் வீட்டில் பன்றிக்கறி இல்லாமல் கிறிஸ்துமஸ் நடந்ததில்லை. ஓக் விறகுப் புகையில் வெந்த ரிப்ஸை முதல் தடவை சாப்பிட்டபோது, "இது என்ன ருசிலே!" என்று அப்பா விரலை நக்கியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் கேட்டரிங் வேண்டாம், நானே போடுகிறேன் என்றேன்.

ஆளுக்கு நாலைந்து எலும்பு என்றால் 24 ரேக் (விலா எலும்புகள் சேர்ந்த முழுத் துண்டு) வேண்டும். ஊருக்கு வெளியே ஓர் இறைச்சிக் கடை. பெயர் சொல்லவில்லை. கவுண்டரில் இருந்தவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உப்புநீர் ஊசி போட்ட கறி வேண்டாம். இங்கே பன்றிக்கறியில் தண்ணீரும் உப்பும் பாஸ்பேட்டும் ஊசியால் ஏற்றி விற்பது சகஜம். அதன் மேல் நாம் உப்பு போட்ட மசாலா தடவினால் வாயில் வைக்க முடியாது, கறியும் ஹாம் (உப்பில் ஊறவைத்த பன்றித் தொடைக்கறி) மாதிரி ரப்பராகிவிடும். அவர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு ரேக்கை எடுத்து, கையுறையோடு என் முன்னால் வளைத்துக் காட்டினார். செயின்ட் லூயிஸ் கட் (ஓரங்களை நறுக்கிச் சதுரமாக்கிய வெட்டு), நல்ல தடிமன், இளஞ்சிவப்பு. "எல்லாம் இதே மாதிரிதான், ஊசியே கிடையாது" என்றார். யாருக்கு என்று கேட்டார். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் என்றேன். நெஞ்சில் கை வைத்து, "என் அப்பாவுக்குச் செய்கிற மாதிரி செய்து தருகிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

ரேக் ஒன்று 3 பவுண்டு, பவுண்டு 7 டாலர். ஆக 504 டாலர், முழுவதும் முன்பணம். கார்டு வேண்டாம், போனிலேயே வங்கிக்கு அனுப்பிவிடுங்கள், கார்டு கட்டணம் மிச்சம் என்றார். அனுப்பினேன்.

வெள்ளி மாலை நாலு பெட்டி, டேப் ஒட்டி, காருக்கே கொண்டுவந்து வைத்தார்கள். மேல் பெட்டியை மட்டும் திறந்து பார்த்தேன். மேலே இருந்த நாலு ரேக் அருமை. சனி காலை நாலு மணிக்கு மற்றதைப் பிரித்தால், உள்ளே பாதி உறைந்த பாக்கெட்டுகள். சில ரேக்கில் கறியைச் சுரண்டி எடுத்து எலும்பு பளிச்சென்று வெளியே தெரிந்தது. நாலு ரேக்கில் வாடை. காற்றில்லாத பாக்கெட்டைப் பிரித்ததும் ஒரு வாடை வரும், பத்து நிமிஷத்தில் போய்விடும். இது போகவில்லை. அம்மாவும் வந்து முகர்ந்து பார்த்து, "மக்களே, இது கெட்டுப்போச்சுல்லா" என்றார்கள். குப்பையில் போட்டேன். வேறு கடை திறக்காத நேரம், என்ன செய்வது? மிச்சம் இருபதுக்கும் சவ்வு உரித்து, மசாலா தடவி, 225 பாரன்ஹீட்டில் ஏற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் ஸ்மோக்கரையும் தந்தார். ஆறு மணி நேரம் விறகு பார்த்தேன்.

பதினொன்றரைக்கு ஒரு துண்டு வாயில் வைத்தேன். உப்புக் கரைசல்! குப்பைத் தொட்டியைக் கிளறி, கசங்கிய பாக்கெட் ஒன்றைக் கழுவிப் படித்தேன். '12 சதவீதம் வரை கரைசல் சேர்க்கப்பட்டது.' எந்தக் கறி வேண்டாம் என்று சொன்னேனோ, அதே கறி. குழந்தைகள் ஒரு கடியில் தட்டில் வைத்துவிட்டார்கள். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. நான் வருத்தப்படுவேன் என்று இரண்டு எலும்பு சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வரை தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கடைசியில் மச்சான் போய்ப் பீட்சா வாங்கி வந்தார்.

சனி மதியம் போன் செய்தேன்: "கடையில் கூட்டம், அப்புறம் கூப்பிடுங்கள்." ஞாயிறு முழுவதும் பதிவுசெய்த குரல். படங்களோடு அனுப்பிய செய்தியைப் பார்த்தார்கள், பதில் இல்லை. இன்று நேரில் போனேன். நெஞ்சில் கை வைத்த அதே ஆள், "எந்த ஆர்டர்?" என்றார். மேனேஜர் வந்து, சமைத்த கறியைத் திரும்ப எடுக்க மாட்டோம், லேபிளில் போட்டிருக்கிறது, படிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்றார். சதவீதத்தைப் பாக்கெட்டில் போட வேண்டும் என்பது சட்டம், போட்டிருக்கிறார்கள், சரி. ஆனால் இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னது? கெட்டுப்போன நாலு ரேக்கைக் கொண்டு வரச் சொன்னார். அது காலையிலேயே குப்பை வண்டியில் போய்விட்டது. 504 டாலருக்கு, 20 டாலர் கூப்பன் நீட்டினார். வாங்கவில்லை. வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள்.

விவரமாக யோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. கிரெடிட் கார்டில் மட்டும் கொடுங்கள். எல்லாப் பெட்டியையும் கடையிலேயே பிரியுங்கள், அடிப் பாக்கெட்டின் பொடி எழுத்துவரை படியுங்கள். கரைசல் என்று இருந்தால் மசாலாவில் உப்பே வேண்டாம். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் வாங்குங்கள், மாற்றவாவது நேரம் இருக்கும்.

பாக்கெட்டுகளைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன். நாளைக்கு மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு நுகர்வோர் புகார் அனுப்புகிறேன்.