பொச்சீட்டாச்சும் சொஃப்ட்வேரும்: ஆங்கிலச் சொற்கள் ஸ்லோவாக் மொழிக்குள் வரும் வழிகள்

ஐரோப்பாவின் ஸ்லோவாக்கியா நாட்டு மொழியான ஸ்லோவாக்கில் கணினிக்குப் 'பொச்சீட்டாச்' என்று பெயர். அதனுள் இயங்கும் மென்பொருளுக்குச் 'சொஃப்ட்வேர்' என்று பெயர். முன்னது 'எண்ணுதல்' என்னும் பொருள் தரும் 'பொச்சீட்டத்' என்ற சொந்த வினையடியிலிருந்து பிறந்தது. பின்னது ஆங்கிலத்திலிருந்து கடனாக வந்து, ஸ்லோவாக் எழுத்துமுறைக்கு ஏற்ப உருமாறி நிலைத்துவிட்டது. ஒரே துறையில், அருகருகே வழங்கும் இரு சொற்கள் வெவ்வேறு வழிகளில் வந்திருப்பதால், மொழிபெயர்ப்பாளர் எந்த வழியைப் பின்பற்றுவது என்ற கேள்வி எழுகிறது. சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது ஸ்லோவாக் இலக்கணத்துக்குள் எவ்வளவு இயல்பாக இயங்குகிறது என்பதே இதை முடிவுசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்லோவாக்கில் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால்களும் ஆறு வேற்றுமைகளும் உண்டு. வெளியிலிருந்து வரும் சொல்லும் ஏதேனும் ஒரு பாலில் சேர்ந்து, வேற்றுமை விகுதிகளை ஏற்றாக வேண்டும். சொஃப்ட்வேர் இதை எளிதாகச் செய்கிறது: 'சொஃப்ட்வேரு' என்றால் மென்பொருளின், 'சொஃப்ட்வேரொம்' என்றால் மென்பொருளால். அண்டை மொழியான செக், இதே சொல்லை ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே எழுதுகிறது. ஆனால் வேற்றுமை விகுதி சேரும்போது ஆங்கிலச் சொல்லின் கடைசி உயிரெழுத்தை நீக்க வேண்டியிருப்பதால், முதல் பாதி ஆங்கிலமாகவும் கடைசி எழுத்து செக்காகவும் ஒரு கலப்புருவம் உண்டாகிறது. இந்த ஒரு சொல்லில் ஸ்லோவாக்கின் முடிவே மேலானது என்று தயக்கமின்றிச் சொல்வேன், ஏனெனில் படிப்பவர் உச்சரிப்பதும் எழுதுபவர் எழுதுவதும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன. வார இறுதி 'வீகெண்ட்' ஆனதும், குழு 'தீம்' ஆனதும், மேலாளர் 'மனஜேர்' ஆனதும் இதே முறையில்தான். மனஜேர் என்ற சொல்லிலிருந்து பெண்பாலுக்கு 'மனஜேர்கா' என்ற சொல்லும் தடையின்றிப் பிறந்துவிட்டது.

சொந்த வேரிலிருந்து சொல் ஆக்குவதன் பெருமை, பொருள் கேட்டவுடனே விளங்குவதில் இருக்கிறது. ஆனால் அதற்கும் விலை உண்டு. அச்சுப்பொறியைக் குறிக்கும் 'த்லச்சியரெஞ்' என்ற சொல் அச்சகத்தையும் குறிப்பதால், ஒரு அலுவலகம் புதிய 'த்லச்சியரெஞ்' வாங்கியது என்ற வாக்கியத்தில் வாங்கியது மேசைமேல் வைக்கும் கருவியா, முழு அச்சகமா என்பதைச் சூழலே சொல்ல வேண்டும். பந்து விளையாட்டுகளின் பெயர்கள் இன்னும் வியப்புக்குரியவை. கால்பந்து 'ஃபுட்பல்', கூடைப்பந்து 'பஸ்கெட்பல்', கைப்பந்து 'வொலெய்பல்' எனக் கடன் வாங்கிய மொழி, கையால் எறிந்து கோல் போடும் எறிபந்து ஆட்டத்துக்கு மட்டும், 'எறிதல்' என்ற வினையிலிருந்து 'ஹாட்ஸனா' என்று சொந்தப் பெயரை வைத்திருக்கிறது. 1932-இல் தொடங்கிய 'ஸ்லோவென்ஸ்கா ரெச்' என்ற மொழி இதழ் தூய்மைக்காகக் கடுமையாக வாதாடியபோதும், அதன் கவலை ஆங்கிலத்தைப் பற்றியதாக இல்லை; செக் சொற்களிடமிருந்து ஸ்லோவாக்கைக் காப்பதே அப்போது முதன்மையாக இருந்தது.

பொருளைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது இன்னொரு வழி. கணினியின் சுட்டெலிக்கு எலியைக் குறிக்கும் 'மிஷ்' என்ற சொல்லே போதுமானதாயிற்று. வானளாவிய கட்டடத்துக்கு வைத்த 'ம்ரகோத்ரப்' வானத்தைச் சுரண்டவில்லை, மேகத்தைச் சுரண்டுகிறது. உவமை தெளிவாக இருக்கும் இடங்களில் மட்டுமே இந்த வழி நன்றாக அமைகிறது.

வினைச்சொல்லில்தான் மொழிபெயர்ப்பாளரின் உண்மையான சோதனை தொடங்குகிறது. ஸ்லோவாக் வினை, செயல் ஒருமுறை நடந்து முடிந்ததா, தொடர்ந்தோ திரும்பத் திரும்பவோ நிகழ்கிறதா என்பதை வடிவத்திலேயே காட்ட வேண்டும். ஆகவே சுட்டெலியைச் சொடுக்குவதற்கான ஒற்றை ஆங்கில வினை, 'க்லிக்னூத்', 'க்லிகத்' என இரண்டாகப் பிரிந்தே உள்ளே வர முடிந்தது. நிரலின் பொத்தானில் எழுத வேண்டியது எது என்பதை ஆங்கில மூலம் சொல்வதில்லை. பயனர் ஒருமுறை அழுத்துகிறாரா, தொடர்ந்து அழுத்துகிறாரா என்று மொழிபெயர்ப்பாளரே கேட்டறிய வேண்டும்.

கடனாக வந்த பன்மைச் சொற்கள் மீண்டும் பன்மையாவதும் உண்டு. ஆங்கிலத்தில் ஏற்கெனவே பன்மையான ஜீன்ஸ், ஸ்லோவாக்கில் மேலும் ஒரு பன்மை விகுதி பெற்று 'ஜீன்சி' ஆகிறது. உருளைக்கிழங்குச் சீவல் 'சிப்சி' ஆகிறது. இது பிழையன்று, சொல் வேர்பிடித்துவிட்டதற்கான அடையாளம்.

ஆனால் உருவத்தால் ஒத்த சொற்களை நம்புவது மேற்சொன்ன எந்த வழியையும்விட ஆபத்தானது. 'எவெந்துவால்னே' என்றால் ஸ்லோவாக்கில் 'ஒருவேளை' என்று பொருள். அதை ஒத்த ஆங்கிலச் சொல்லுக்கோ 'இறுதியில்' என்று பொருள். 'அக்துவால்னி' என்றால் ஆங்கிலத்தில்போல் 'உண்மையான' அன்று, 'தற்போதைய'; 'கிம்னாசியும்' என்றால் உடற்பயிற்சிக்கூடம் அன்று, உயர்நிலைப்பள்ளி. எண்களில் விளைவு இன்னும் பெரிது: ஆங்கிலத்தின் பில்லியன் 100 கோடி, அதற்கு ஸ்லோவாக்கில் 'மிலியார்தா' என்று எழுத வேண்டும், 'பிலியோன்' என்று எழுதிவிட்டால் தொகை 1,00,000 கோடியாக, ஆயிரம் மடங்காகிவிடும். ஸ்லோவாக்கியா 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததிலிருந்து ஒன்றியத்தின் சட்டங்களும் வரவுசெலவுக் கணக்குகளும் ஸ்லோவாக்கிலும் வெளியாகின்றன. அவற்றில் இந்த ஒரு சொல்லை மட்டும் இருமுறை சரிபார்க்காமல் எவரும் கையெழுத்திடக் கூடாது.