லுட்விக்கா, ஒட்டோவா?

1845 ஆகஸ்ட் 25 அன்று மியூனிக்கின் நிம்ஃபன்பர்க் அரண்மனையில், பவேரியாவின் பட்டத்து இளவரசருக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் வைக்க நினைத்திருந்த பெயர் ஒட்டோ. அரியணையில் இருந்த தாத்தா முதலாம் லுட்விக் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பிறந்ததும் ஆகஸ்ட் 25தான். அதுவே புனித லூயியின் திருநாளும்கூட; லூயி என்பது லுட்விக்கின் பிரெஞ்சு வடிவம். பேரன் தன் பெயரைத்தான் தாங்க வேண்டும் என்று நின்றார். கடைசியில் லுட்விக் ஒட்டோ ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் என்று முடிவானது. நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைக் கட்டிய இரண்டாம் லுட்விக் அவர்தான். ஒட்டோ என்ற பெயர் 1848இல் பிறந்த தம்பிக்குப் போனது.

ஒரே குழந்தைக்காக மோதிக்கொண்ட இரண்டு பெயர்கள். அந்தக் குடும்பத்தில் இரண்டுமே சம உரிமை உள்ளவை. அவர்களுடைய விட்டல்ஸ்பாக் குலத்தில் முதன்முதலில் பவேரியாவின் கோமகனானவர், 1180இல், ஓர் ஒட்டோ. அவருடைய மகன் ஒரு லுட்விக். ஆகவே பெற்றோர் கேட்டதும் நியாயம்தான். ஆனாலும் நான் தாத்தா பக்கம்.

முதலில் பொருள். பழைய ஜெர்மானியப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டியவை. லுட்விக்கில் 'ஹ்லூட்' என்றால் புகழ்பெற்ற. 'விக்' என்றால் போர். 'போரில் புகழ் பெற்றவன்' என்று பெயர்ப் புத்தகங்கள் போடுகின்றன. அதில் தவறில்லை. ஆனால் அந்தக் காலத்தில் பெயரின் பாதிகளே குடும்பச் சொத்து. இரண்டும் சேர்ந்து பொருள் தர வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 511இல் இறந்த ஃபிராங்க் மன்னர் குளோவிஸின் பெயரும் இதே லுட்விக்தான், பழைய வடிவில் க்ளோட்விக். அவருடைய மகன்களில் இருவர் குளோடோமர், குளோட்டார். முதல் பாதி எப்படி மகன்களிடம் இறங்கியிருக்கிறது பாருங்கள்! அந்த 'ஹ்லூட்' வெகு தூரம் போகும் வேர். ஆங்கிலத்தின் 'லவுட்' அதன் நேர் உறவு. 'கேட்கப்பட்டது' எனப் பொருள்படும் வடமொழி 'ச்ருத' அதன் தூரத்து உறவு. கச்சேரியில் நாம் சேர்க்கிற சுருதியும் அந்த வழி வந்ததே.

ஒட்டோ அப்படிக் கட்டிய பெயரல்ல. ஒட்ஃப்ரீட், ஒட்மார் போன்ற நீண்ட பெயர்களின் கூப்பிடு பெயராகத் தொடங்கி, பிறகு தனித்து நின்றது. வேர்ச்சொல்லுக்குச் செல்வம், உடைமை என்று பொருள். எட்வர்ட், எட்மண்ட் என்ற ஆங்கிலப் பெயர்களின் முதல் பாதியும் அதுவே. வீட்டில் கூப்பிடுகிற பெயர் பேரரசர் வரை ஏறியது பெரிய விஷயம். முதலாம் ஒட்டோ 936இல் ஆகனில் முடிசூடினார்; 955இல் லெக்ஃபெல்ட் போரில் மாஜியர்களை, அதாவது ஹங்கேரியர்களை, முறியடித்தார்; 962இல் ரோமில் பேரரசரானார். மகன் ஒட்டோ, பேரன் ஒட்டோ என்று மூன்று தலைமுறை தொடர்ந்து ஆண்டதால் அந்த வம்சத்துக்கே ஒட்டோனியர் என்று பெயர். ஒட்டோவின் உச்சம் அதுதான். பிறகு 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியை ஒன்றிணைத்த ஒட்டோ ஃபான் பிஸ்மார்க் வந்து மறுபடி தூக்கி நிறுத்தினார்.

லுட்விக்கின் கதையில் அரசியல் இன்னும் ஆழம். குளோவிஸின் மெரோவிஞ்சியர் வம்சத்தை 751இல் அரியணையிலிருந்து இறக்கியவர் பெப்பின். அவருடைய மகன் சார்லமேனுக்கு 778இல் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தபோது, தந்தை இறக்கிய அதே வம்சத்தின் பெயர்களை எடுத்து வைத்தார்: லுட்விக், லோத்தார் (குளோட்டாரின் பிந்தைய வடிவம்). நாட்டை எடுத்தவர்கள் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். பழைய அரசர்களின் வாரிசு நாங்களே என்று ஊருக்குச் சொல்ல இதைவிட எளிய வழி எது? லோத்தார் குழந்தையிலேயே இறந்தான். லுட்விக் தந்தைக்குப் பின் பேரரசரானார். அந்தப் பெயர் பிரான்சில் லூயியாகித் தலைமுறை தலைமுறையாக அரசர்களுக்குப் போனது.

நிம்ஃபன்பர்க்கில் பிடிவாதம் பிடித்தாரே அந்தத் தாத்தா, அவர் 1786இல் ஸ்ட்ராஸ்பர்கில் பிறந்தவர். அவருடைய ஞானத்தந்தை பிரான்சின் பதினாறாம் லூயி. லுட்விக் என்ற பெயரே அவரைப் பார்த்து வைத்ததுதான். பவேரியாவின் அடையாளமாகவே ஆகிப்போன பெயர் அவருக்குப் பாரிஸைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இப்படி எல்லை தாண்டிப் போய்த் திரும்பி வந்த பெயர் என்பதாலேயே எனக்கு இதன் மேல் பிரியம். ஒட்டோவுக்கு அந்தப் பயணம் இல்லை.

தாங்கியவர்களைப் பார்த்தால் இரண்டும் சளைத்தவை அல்ல. அந்தப் பக்கம் அணுப்பிளவைக் கண்ட ஒட்டோ ஹான், மனிதன் பறக்கலாம் என்று காட்டிய ஒட்டோ லிலியன்தால். இந்தப் பக்கம் இயற்பியலாளர் போல்ட்ஸ்மான், தத்துவவாதி விட்கென்ஸ்டைன், இசைமேதை பேத்தோவன். பேத்தோவனுக்கும் அது தாத்தாவின் பெயர். அவருக்கு முன் 1769இல் பிறந்து சில நாளில் இறந்த அண்ணனுக்கும் லுட்விக் என்றே வைத்திருந்தார்கள். குழந்தை போன பிறகும் அந்த வீட்டார் பெயரை விடவில்லை.

இனி நடைமுறை. ஒட்டோவை எந்த ஊரிலும் பிழையில்லாமல் எழுதலாம். ரோமன் எழுத்தில் (Otto) இந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் அந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒட்டோ. ஆனால் ஜெர்மனியில் சராசரி ஆளைக் குறிக்க 'ஒட்டோ நொர்மால்ஃபெர்பிராவ்கர்' என்பார்கள், நம் குப்பன் சுப்பன் மாதிரி. லுட்விக்கிலும் சிக்கல் உண்டு. பவேரியர் 'லுட்விக்' என்கிறார்கள். பொது ஜெர்மன் உச்சரிப்பில் கடைசி எழுத்து 'ஷ்' பக்கம் சாய்கிறது. அதன் பழைய சுருக்கமான 'லூட' என்பது விபசாரத் தரகனுக்குக் கொச்சைச் சொல். அந்தச் சுருக்கத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். லுட்ஸ் இருக்கிறது, பவேரியாவின் விக்கர்ல் இருக்கிறது. சான்றிதழில் லுட்விக், வீட்டில் லுட்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். ஒட்டோவை அதற்கு மேல் சுருக்க வழியில்லை.