டச்சு நீர் அரண்: வடக்கு முனையா, நடுவா, தெற்கு முனையா?

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் கோய்கன்ஹோஃப் பூந்தோட்டம், ஸான்ஸே ஸ்கான்ஸ் காற்றாலைகள், கீட்ஹோர்ன் படகு. நெதர்லாந்துத் தமிழ் வீடுகளில் பட்டியல் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். அடுத்த முறை வருகிறவர்களை எங்கே கூட்டிப்போவது என்று கேட்டால் நான் கைகாட்டுவது புதிய ஹாலந்து நீர் அரணை, அதாவது நிலத்தை நீரில் மூழ்கடித்து எதிரியைத் தடுக்க அமைத்த பழைய தற்காப்பு வரிசையை. வடக்கே மௌடனில் தொடங்கி, உட்ரெக்ட் பக்கமாக இறங்கி, தெற்கே பீஸ்போஸ் வரை 85 கிலோமீட்டர். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரே நாளில் பார்த்து முடிக்கக் கூடியதல்ல. ஒரு துண்டைத்தான் எடுக்க முடியும். எந்தத் துண்டு என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. செஞ்சியை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். இங்கே காவல் காத்தது மதில் இல்லை, வயல்தான். கிழக்கிலிருந்து படை வந்தால் மதகுகளைத் திறந்து வயல்வெளியை முழங்காலளவு நீரில் மூழ்கடிப்பார்கள். அடியில் வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வீரர்கள் நடக்க முடியாது. பெரிய படகு விட ஆழமும் போதாது. நீர் ஏறாத இடங்கள், அதாவது கரைகள், சாலைகள், ரயில் பாதைகள் மட்டும் எதிரிக்கு வழியாக மிஞ்சும். அந்த வாசல்களில்தான் கோட்டைகள். அதனால் பலவும் புல் மூடிய மண்மேடுகளாகத்தான் தெரியும். 1815-ல் தொடங்கிய இந்த ஏற்பாடு 1940 மே மாதத்தில் பயனற்றுப் போனது. ஜெர்மன் படை வானத்தில் வந்தது.

வடக்கு முனை, ஆம்ஸ்டர்டாமில் இருப்பவர்களுக்கு எளிது. மௌடன் கோட்டை பார்த்தவுடன் 'கோட்டை' என்று சொல்லத் தோன்றும்: நான்கு மூலைக் கோபுரம், அகழி, தொங்குபாலம். ஹாலந்தை ஆண்ட ஐந்தாம் ஃப்ளோரிஸ் 13-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1296-ல் அவரையே பிரபுக்கள் இங்கே அடைத்துவைத்துப் பிறகு கொன்றார்கள். ஆனால் உள்ளே காட்டுவதில் பெரும்பங்கு 17-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த கவிஞர் ஹோஃப்ட்டின் காலத்து அறைகள். நீர் அரணைப் புரிந்துகொள்ள அவை அதிகம் உதவாது. கோடையில் மௌடன் துறையிலிருந்து பாம்பஸ் தீவுக்குப் படகு உண்டு. 1895-ல் முடிந்த செயற்கைத் தீவுக் கோட்டை, ஆம்ஸ்டர்டாமைச் சுற்றிய இன்னொரு அரணைச் சேர்ந்தது. போரில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. பிள்ளைகளுக்குத் தீவு என்பதே போதும். எனக்குப் படகுப் பயணம்தான் பிடித்தது.

வடக்கில் நான் சிபாரிசு செய்வது நார்டன். ஆறு கொத்தளம், இரட்டை அகழி, நடுவே இன்றும் மக்கள் வாழும் சிறு ஊர். யாழ்ப்பாணக் கோட்டை பார்த்தவர்களுக்கு அந்தக் கூரிய கொத்தள முனைகள் பழக்கமானவையாக இருக்கும். 1658-ல் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள் அதை ஐங்கோணமாக மாற்றிக் கட்டியதும், நார்டன் இன்றைய வடிவம் பெற்றதும் ஏறத்தாழ ஒரே காலம். பக்கத்திலேயே நார்டர்மேர் ஏரி. ஆம்ஸ்டர்டாம் நகராட்சி அதைக் குப்பை கொட்ட எடுத்துக்கொள்ள நினைத்தது. எதிர்த்தவர்கள் சங்கம் அமைத்து 1906-ல் ஏரியையே விலைக்கு வாங்கினார்கள். நாட்டின் முதல் இயற்கைக் காப்பகம் அது.

நடுப்பகுதி உட்ரெக்ட் பக்கம். 'எப்படி வேலை செய்தது?' என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் சரியான இடம். புனிக் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய ஃபெக்தன் கோட்டையில் 2015 முதல் நீர் அரண் அருங்காட்சியகம் இயங்குகிறது. திறந்த முற்றத்தில் 50 மீட்டர் நீளத்துக்கு முழு அரணின் கான்கிரீட் மாதிரி. தண்ணீரைத் திறந்துவிட்டு நிலம் மூழ்குவதைப் பிள்ளைகளே பார்க்கலாம். எந்தப் பலகையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது. அருகிலுள்ள ரைனௌவன் கோட்டைதான் வரிசையில் மிகப் பெரியது. காடும் வௌவாலும் எடுத்துக்கொண்ட இடம் என்பதால் வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி. போர்க்காலத்தில் எதிர்ப்புப் போராளிகளை ஜெர்மானியர் சுட்டுக்கொன்ற இடமும் அதுவே. பிள்ளைகளோடு போனால் ஃபெக்தனோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தெற்கு முனைக்குத்தான் என் ஓட்டு. போய்ச் சேர்வது கொஞ்சம் சிரமம்: ரயிலில் கோர்க்கம், அங்கிருந்து சைக்கிளும் ஏறும் சிறு படகு. வால் ஆறும் மாஸ் ஆறும் கூடும் முனையில் லூவெஸ்டைன் கோட்டை நிற்கிறது. கடல் யாருக்கும் தனிச்சொத்தல்ல என்று 1609-ல் வாதாடிய சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸை இங்கேதான் ஆயுள் கைதியாக அடைத்தார்கள். 1621 மார்ச்சில் மனைவி மரியா அவரைப் புத்தகப் பெட்டிக்குள் வைத்து வெளியே அனுப்பிவிட்டார். காவலர்களே சுமந்து போனார்கள்! அந்தப் பெட்டி எங்களிடம்தான் இருக்கிறது என்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியமும் சொல்லும், டெல்ஃப்ட்டின் பிரின்சன்ஹோஃபும் சொல்லும். கோட்டையைச் சுற்றியுள்ள மனிக்கன்லாண்ட் சமவெளிக்குள் ஆறு பெருகும்போது நீர் வரும்படி கரையைத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். எதிரியைத் தடுக்கத் திறந்த வெளி இப்போது வெள்ளத்துக்குத் திறந்திருக்கிறது. கோட்டை, ஆறு, மூழ்கும் நிலம் மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்க மற்ற இரண்டு பகுதிகளிலும் வழியில்லை.

கார் இருந்தால் அங்கிருந்து சுமார் அரை மணியில் பீஸ்போஸ். 1421-ஆம் ஆண்டு வெள்ளம் உருவாக்கிய நன்னீர் ஓதக் காடு. 1970-ல் ஹாரிங்ஃப்ளீட் அணை வந்தபின் ஏற்றவற்றம் வெகுவாகக் குறைந்துவிட்டாலும் வில்லோ மரங்களுக்கிடையே ஓடைகள் அப்படியே உள்ளன. 1988-ல் கொண்டுவந்து விட்ட பீவர்கள் பெருகிவிட்டன. பகலில் பீவரைப் பார்ப்பது அரிது. கடித்துச் சாய்த்த மரங்களைப் பார்க்கலாம். சத்தமில்லாத மின்படகை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டிப் போகலாம். வேர்கன்டாமில் உள்ள அருங்காட்சியகத்தை மழை வந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, மியூசியம்கார்ட் (பல அருங்காட்சியகங்களுக்குமான ஆண்டு அட்டை) வைத்திருப்பவர்களுக்கு மௌடன், ஃபெக்தன், லூவெஸ்டைன் மூன்றுக்கும் தனி டிக்கெட் வேண்டாம். படகுக் கட்டணம் வேறு. முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு மௌடன், லூவெஸ்டைன் படிக்கட்டுகள் ஒத்துவராது. ஃபெக்தனோ நார்டனோ மேல். பல இடங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும். குளிர்காலத்தில் படகும் வழிகாட்டி நடையும் குறைந்துவிடும். அப்போது நார்டனுக்கே போங்கள். மதில்மேல் நடக்க நேரக் கட்டுப்பாடும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.