ஒரே கம்பி, இரண்டு கணக்கு: ஆண்டெனாவில் வோல்டேஜும் கரன்ட்டும்

பம்புசெட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அலைநீளம் சுமார் 6,000 கிலோமீட்டர். வரப்போரம் எவ்வளவு தூரம் கம்பி இழுத்தாலும் அந்த அலைநீளத்தின் முன்னால் கம்பி ஒன்றுமில்லை. மின்சுற்று விதி தந்த கிர்ச்சாஃபை நம்பி வேலையை முடிக்கலாம்: இந்த முனையில் எவ்வளவு கரன்ட்டோ, அந்த முனையிலும் அவ்வளவே.

அதே கம்பியில் 20 மீட்டர் எடுத்து, நடுவில் வெட்டி, இரண்டு தென்னைக்கு இடையே 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலாக, அதாவது நடுவில் பவர் கொடுக்கும் இரு கை ஆண்டெனாவாகக் கட்டுங்கள். இப்போது அலைநீளமே 42 மீட்டர்தான். நுனி எதோடும் சேரவில்லை; கிர்ச்சாஃப் கணக்கில் கரன்ட்டே ஓடக்கூடாது. ஆனால் 100 வாட் கொடுத்தால் நடுவில் கிட்டத்தட்ட 1.2 ஆம்பியர் ஓடுகிறது.

எல்லாவற்றையும் வோல்டேஜ், கரன்ட் என்றே கணக்கிடும் மின்சுற்றுக் கோட்பாட்டுக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். கம்பியை நுனி திறந்த டிரான்ஸ்மிஷன் லைனாக, அதாவது அலை ஓடும் இணைக்கம்பியாகப் பார் என்பார்கள். மதகை அடைத்த வாய்க்காலின் கடைமடையில் தண்ணீர் ஓடாமல் ஏறி நிற்குமே, அப்படி: நுனியில் கரன்ட் பூஜ்யம், வோல்டேஜ் உச்சம், நடுவில் தலைகீழ்.

கம்பி கட்டுகிறவருக்கு இந்தப் படமே போதும். நாகப்பட்டினம் உப்புக்காற்றில் பச்சை பூத்த சால்டர் ஜாயின்ட் நடுவில் இருந்தால் பவரைத் தின்னும்; நுனிப்பக்கம் இருந்தால் பெரிதாகத் தெரியாது. ஈரமான தென்னை மட்டை நுனியில் உரசினாலோ ரெசனன்ஸ் (ஒத்ததிர்வு அலைவெண்) கீழே இறங்கி எஸ்.டபிள்யூ.ஆர். (அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்) எகிறும், பவர் கூடுதலாக இருந்தால் ஓலை கருகும். அதே மட்டை நடுவில் பட்டால் அவ்வளவு பாதிப்பில்லை. (2018 கஜா புயலுக்குப் பிறகு கம்பி கட்டத் தென்னை கிடைத்தால்தானே என்பீர்கள். அது வேறு வயிற்றெரிச்சல்.)

சரி, சிக்கல் எங்கே? இழப்பில்லாத அந்த லைன் கணக்கின்படி நடுவில் மின்தடை பூஜ்யம். உண்மையில், தரையை விட்டு விலகி நிற்கும் டைபோலுக்குச் சுமார் 73 ஓம். கம்பியை விட்டு வெளியேறும் ஆற்றலை, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் கணக்கிடும் புலக் கோட்பாட்டில் கூட்டினால்தான் அந்த எண் வரும். சுற்றுக்காரர் அதைக் கடன் வாங்கி, 'கதிர்வீச்சு மின்தடை' என்று தன் படத்தில் ஒட்டிக்கொள்கிறார்.

அடுத்த சண்டை வோல்டேஜில். நுனியில் எத்தனை வோல்ட் என்று கேட்டால், புலக்காரர் "எங்கிருந்து, எந்த வழியாக?" என்று திருப்பிக் கேட்பார். குதர்க்கமில்லை அது. நல்ல கடத்தியின் மேற்பரப்பில் நீளவாக்கில் மின்புலம் ஏறக்குறைய பூஜ்யம். நடுவில் பவர் கொடுக்கும் (ஃபீட்) இடைவெளியைத் தாண்டி, கம்பியை ஒட்டியே நுனிவரை கூட்டிக்கொண்டு போனால் வோல்டேஜே தேறாது. நுனியிலிருந்து நேராகத் தரைக்கு இறங்கினால் ஓர் எண், வளைந்து இறங்கினால் வேறு எண். இடையில் மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் அப்படிச் செய்கிறது. ஓலையைக் கருக்கியது நுனியில் குவிந்த மின்னூட்டமும், அதிலிருந்து கம்பிக்கு வெளியே நீளும் மின்புலமும்தான். எனக்கு இந்த விளக்கமே ஒப்புகிறது.

ஆனால் நுனியில் ஃபீட் செய்யும் ஆண்டெனாவில், 50 ஓமை 49 மடங்காக்கும் 49:1 டிரான்ஸ்ஃபார்மரில், 2,450 ஓம் சுமைக்கு 100 வாட் போனால் 495 வோல்ட் என்று தயங்காமல் சொல்லலாம். அங்கே இரண்டு டெர்மினலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வழி பற்றிய தகராறு எழாது. கெப்பாசிட்டர் வாங்கும்போது அதன் உச்சமான 700 வோல்ட்டை மனதில் வைத்தால் எனக்குப் போதும்.

டைபோலைத் தாழ்வாகக் கட்டினால் சுற்றுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. தண்ணீர் நிற்கும் சம்பா வயலும் கோடையில் வெடித்துக் கிடக்கும் வயலும் அலையை ஒரே மாதிரி திருப்புவதில்லை; 73 ஓம் அங்கே தங்காது. ஆண்டெனாவைக் கணினியில் கணக்கிடும் நெக் (NEC) மென்பொருளில் மண்ணின் எண்களை இரண்டு விதமாகக் கொடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் கம்பியை வெட்டுங்கள்.